கல்லூரி முடியல, அதுக்குள்ள வீடெக்

என்னிடம் இருப்பது 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் கார் (வீடெக் என்பது வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டாவின் இன்ஜின் நுட்பம்). "மைலேஜ் எவ்ளோ தம்பி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 106 குதிரைத்திறன் வண்டியிடம் கேட்கிற கேள்வியா இது!

இந்த மாடலை நீங்களும் வாங்கினால் முதல் செலவு டைமிங் பெல்ட்தான், அதாவது பிஸ்டனோடு ஒத்துப்போக வால்வுகளை இயக்கும் பெல்ட். பழைய ஓனர் மாற்றியதற்கு பில் இல்லையா, யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வு வளையும், அப்புறம் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டும். அதோடு வாட்டர் பம்ப்பையும் போட்டுவிட்டால் கூலி ஒன்றுதான். ஹெட்லைட், கதவுப்பிடி எல்லாம் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடலாம். பேரத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போவேன். அவருக்கும் வண்டி பிடித்துவிட்டது, வெளியே சொல்லமாட்டார்.

15 வருடம் தாண்டிய வண்டி, அதனால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி தனி. சரி, ஞாயிறு காலை ஈ.சி.ஆர். போகிறேன். வருகிறவர்கள் பெட்ரோலுக்குப் பங்கு போடவும்.