சின்னக் கைகளுக்கு ஏற்ற காகித மடிப்புகள்

ஓரிகாமி, அதாவது காகித மடிப்புக் கலை என்றதும் பெரும்பாலானோர் கொக்கைத்தான் நினைக்கிறார்கள். ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்று 1955-இல் மறைந்த சடாகோ சசாகி என்ற சிறுமி மடித்த கொக்குகளின் கதை உலகெங்கும் பரவியது அதற்கு ஒரு காரணம். ஆனால் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கொக்கைப் போலப் பொருந்தாத தொடக்கம் வேறில்லை என்பது என் கருத்து. முதல் மடிப்பில் மயிரிழை விலகினாலும் அந்தப் பிசகு கடைசியில் அலகிலும் வாலிலும் வந்து நிற்கும். நடுவே ஓர் அடுக்கைத் தூக்கி நீளவாக்கில் விரித்து அமுக்க வேண்டிய இடத்தில் பெரியவர்களே திணறுவார்கள். ஆகவே ஓர் உருவத்தில் எத்தனை மடிப்புகள் உள்ளன என்று எண்ணுவதோடு, அவற்றுள் எத்தனை மடிப்புகள் பிசகைப் பொறுத்துக்கொள்ளும் என்றும் பார்த்தே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

ஓரிகாமிக்கென விற்கும் தாள் பெரும்பாலும் 15 செ.மீ. சதுரமாக, ஒருபுறம் வண்ணமும் மறுபுறம் வெள்ளையுமாக இருக்கும். அது கிடைக்காவிட்டால், 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் கொண்ட ஏ4 தாளின் ஒரு மூலையை எதிர் ஓரத்தின்மேல் படியுமாறு மடித்து, மிஞ்சும் பட்டையை வெட்டிவிட்டால் 21 செ.மீ. சதுரம் கிடைக்கும்; சிறு விரல்களுக்கு இந்த அளவே வசதியானது. சார்ட் தாள் மடிப்பில் வெடித்து நிற்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

நான் முதலில் சொல்லிக்கொடுப்பது நாய் முகம். சதுரத்தை மூலைக்கு மூலை வைத்து முக்கோணமாக்கி, நீண்ட பக்கம் மேலே இருக்குமாறு பிடித்து, இரு முனைகளையும் சாய்வாகக் கீழே இறக்கினால் காதுகள்; அடி நுனியைச் சற்று மேலே மடித்தால் மூக்கு. இதில் முதல் மடிப்பு மட்டுமே மூலையோடு மூலை சரியாகப் பொருந்தியாக வேண்டும். காதுகள் எந்தச் சாய்வில் விழுந்தாலும் அது நாய்தான். ஒரு காது நீண்டும் மறு காது குட்டையாகவும் அமைந்தால் இன்னும் நல்ல நாய். கண்ணையும் மீசையையும் பேனாவால் வரையும் உரிமையை எக்காரணம் கொண்டும் பெரியவர்கள் பறிக்கக் கூடாது.

அடுத்தது குவளை. அதே முக்கோணத்தை இப்போது நுனி மேலே இருக்குமாறு வைத்து, இடது மூலையை எதிரேயுள்ள சாய்ந்த ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மடிந்து வந்த பகுதியின் மேல்விளிம்பு, அடிப்பக்கத்துக்கு இணையாகப் படுக்கைவாட்டில் கிடந்தால் மூலை சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். வலது மூலையையும் அவ்வாறே எதிர்ப்பக்கம் மடித்து, மேலே எஞ்சும் இரண்டு நுனிகளில் ஒன்றை முன்புறப் பையில் செருகி, மற்றொன்றைப் பின்னால் மடித்துவிட்டு, வாயை விரித்தால் குவளை தயார். இதில் சற்று நேரம் தண்ணீர்கூட நிற்கும். வறுத்த வேர்க்கடலையைப் போட்டுக் கொடுத்தால், தான் செய்த பாத்திரத்தில் தின்னும் பிள்ளை அடுத்த குவளைக்குத் தானே தாள் கேட்கும். ‘சுமாராக மடி’ என்பதிலிருந்து ‘இங்கே கொண்டுபோய்ச் சேர்’ என்பதற்கு நகரும் படி இது என்பதால், அவசரப்படாமல் இங்கேயே சில நாள் நிற்கலாம்.

ஜெர்மனியில் 1837-இல் மழலையர் கல்வியைத் தொடங்கிய ஃப்ரோபெல் காகித மடிப்பைப் பாடமாகவே வைத்திருந்தார். அந்த வழக்கத்திலிருந்து கருத்தெடுத்துத்தான், டி. சுந்தர ராவ் 1893-இல் சென்னையில் காகித மடிப்பு வழியாக வடிவியலை விளக்கும் ஆங்கில நூலை வெளியிட்டார். பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சதுரத்தின் இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் கை அறிந்துகொண்டால் போதும்.

கற்றுக்கொடுப்பவர் எதிரே உட்கார்ந்தால் இடம் வலமாகத் தெரியும் என்பதால் பக்கத்தில்தான் அமர வேண்டும். தமக்கென ஒரு தாளை வைத்து மடித்துக் காட்ட வேண்டுமே தவிர, பிள்ளையின் தாளைத் தொடக் கூடாது. கோடு அழுந்தவில்லையென்றால் நகத்தால் ஒருமுறை இழுக்கச் சொல்லலாம்.

ஆறு வயதுக்குமேல் செய்தித்தாள் தொப்பிக்கும், அதிலிருந்தே பிறக்கும் கப்பலுக்கும் போகலாம். தொப்பியின் உள்ளே இரு கட்டைவிரல்களையும் விட்டு, விரித்து, சதுரமாக அமுக்கும் இடத்தில்தான் பலர் நின்றுவிடுவார்கள். தட்டையாகக் கிடந்த தாள் திடீரென உள்ளும் புறமும் கொண்ட பொருளாக மாறுவது அவர்களுக்குப் புதிது. பெரிய தாளில் செய்தால் அந்தத் தடுமாற்றம் பாதியாகக் குறையும். தாவும் தவளையை ஏழு வயதுக்கு ஒத்திவைக்கலாம், ஏனெனில் அதன் பின்கால் மடிப்பே வில்லாக இயங்குவதால், பல அடுக்குகளைச் சேர்த்து அழுத்தும் வலு விரல்களுக்கு இருந்தாக வேண்டும். கொக்கு அதற்கும் பிறகு, பிள்ளையே கேட்கும்போது.