அல்சூர் தெருப்பலகைகளில் கண்ட போர்க்களங்கள்

சிறுவயதில் பெங்களூருக்கு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மீனி அவென்யூ சாலை வழியாகத்தான் மாமாவின் வீட்டுக்குப் போவோம். மீனி என்பவர் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரைசானியாக இருக்க வேண்டும் என்று அப்போது நானாகவே முடிவு செய்துகொண்டிருந்தேன். அது சிந்து மாகாணத்தில் நடந்த ஒரு போரின் பெயர் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. இந்த ஆண்டு தைப் பொங்கலுக்கு வந்திருந்தபோது, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று மர்பி டவுனில் குடியிருக்கும் மாமாவை அழைத்துக்கொண்டு அந்தத் தெருக்களை ஒரு முழு நாள் நடந்தே பார்த்தேன்.

காலை ஆறரை மணிக்கு ஏரியின் மேல் பனி இன்னும் கலையவில்லை. ஏரிக்கரையின் ஒரு பகுதி ராணுவ எல்லைக்குள் இருக்கிறது. எம்.இ.ஜி. சென்டர் என்று ஊரார் சொல்லும் மெட்ராஸ் பொறியாளர் படையின் தலைமையகம் அதுதான். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அதைச் செய்யாமல் வந்தது என் அசட்டுத்தனம் என்பதால், மதிலுக்கு வெளியே நின்று மாமா சொல்வதைக் கேட்பதோடு திருப்திப்பட்டுக்கொண்டேன். 1780இல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு கம்பெனிகளாகத் திரட்டப்பட்ட பயோனியர்களிலிருந்து வளர்ந்த படை இது. பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவருக்கடியில் சுரங்கம் தோண்டுவது, பீரங்கி நகர வழி செய்வது ஆகியவையே இவர்களின் வேலை. மறு ஆண்டே சோளிங்கரில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டுக்கும் இடையே நடந்த சண்டை இவர்களின் விருதுப் பட்டியலில் ஏறியது. நரசிம்மரைச் சேவிக்க நாம் மலையேறும் அதே சோளிங்கர்தான். 1834இல் படை பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. அதன் வீரர்களுக்கு ராணுவம் முழுவதும் வழங்கும் பெயர் ‘தம்பி’. “பஞ்சாபி அதிகாரியும் எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், மாப்பிள்ளை. தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்” என்றார் மாமா.

மீனி என்று பலகையில் இருப்பது மியானி என்னும் ஊர். இன்றைய பாகிஸ்தானில், சிந்துவின் ஹைதராபாத்துக்கு அருகில் இருக்கிறது. 1843 பிப்ரவரி 17ஆம் தேதி, அறுபது வயதான ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் நேப்பியர் மூவாயிரத்துக்கும் குறைவான ஆட்களோடு, தம்மைப் போலப் பல மடங்கு பெரிய பலூச்சிப் படையை அங்கே எதிர்த்தார். களத்தின் ஒரு பக்கத்தில் மதில் சூழ்ந்த வேட்டைக்காடு ஒன்று இருந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் பதுங்கியிருந்தார்கள். மதிலில் ஒரே ஒரு திறப்பு இருப்பதைக் கவனித்த நேப்பியர், டியூ என்னும் கேப்டனிடம் சுமார் எண்பது வீரர்களைக் கொடுத்து அந்த வாயிலை அடைக்கச் சொன்னார். டியூ அங்கேயே செத்தார், ஆனால் வாயில் திறக்கவில்லை. வெற்றியை நேப்பியரின் துணிச்சலுக்கு எழுதிவைப்பது வழக்கம். நாட்டைப் பிடுங்கிக்கொள்ள நடத்திய அந்தப் போரில் நியாயம் எதையும் நான் காணவில்லை. ஆனாலும் ஒரு சுவரின் ஓட்டையை வைத்து ஒரு படையையே கணக்கிலிருந்து கழித்த கண் அபூர்வமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தச் சிறிய படையில் மெட்ராஸ் சாப்பர்களின் ஒரு கம்பெனியும் இருந்தது. அதனால்தான் காவேரிக் கரையிலும் பாலாற்றங்கரையிலும் பிறந்தவர்களின் குடியிருப்புக்கு நடுவே சிந்துவின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஏரியை ஒட்டி நடந்தால் திருவள்ளுவர் சிலை வரும். பல ஆண்டுகள் துணியால் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலை. பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம். அங்கிருந்து சற்றுத் தள்ளி அசாயே சாலை. இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை எனக்கு மற்றெல்லாவற்றையும்விடப் பிடித்தது.

1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிரத்தில், ஜால்னா மாவட்டத்து அசாயே கிராமம். மராட்டிய அரசர்களான சிந்தியாவும் போன்ஸ்லேயும் சேர்ந்து நிறுத்திய பெரும்படையில் சுமார் நூறு பீரங்கிகள் இருந்தன. அதன் பயிற்சி பெற்ற காலாட்படையை நடத்தியவர் போல்மன் என்னும் ஜெர்மானியர். ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி எதிர்பார்த்ததற்கு முன்பே அவர்கள்மேல் போய் மோதும்படி ஆகிவிட்டது. நடுவே கைட்னா ஆறு. ஆற்றைக் கடக்கத் துறையே கிடையாது என்று வழிகாட்டிகள் சாதித்தார்கள். வெல்லெஸ்லியோ, இரு கரைகளிலும் எதிரெதிராக இரண்டு ஊர்கள் இருப்பதைக் கண்டார். அக்கரைக்குப் போகவரத் துறை இல்லாமல் யாராவது இப்படி முகத்தோடு முகம் பார்க்க ஊர் கட்டுவார்களா என்று யோசித்தார். ஆள் அனுப்பிப் பார்த்தால் துறை இருந்தது. நம் பக்கத்தில் ஆற்றங்கரையில் வளர்ந்த எந்தக் கிழவிக்கும் தெரிந்திருக்கும் நியாயம்தான் இது. ஆனால் குண்டுகள் வந்து விழும் நேரத்தில் அது நினைவுக்கு வருவதில்தான் தளபதி இருக்கிறான் போலும். அன்று மாலைக்குள் பீரங்கிகள் அவர் வசமாயின. ஆனால் அவருடைய தரப்பில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற பிறகும், களத்தில் தாம் செய்தவற்றுள் சிறந்தது அசாயேதான் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அங்கே போரிட்ட சென்னைப் படைகளுக்கு யானைச் சின்னம் விருதாகக் கிடைத்தது. சாப்பர்களின் விருதுகளிலும் அந்த யானை உண்டு.

காமராஜ் சாலையின் பழைய பெயர் காவல்ரி ரோடு. குதிரைப்படையின் இடத்தைப் பெருந்தலைவர் பிடித்ததில் மாமாவுக்குத் தனி மகிழ்ச்சி. சிவாஜி நகரில் தண்டு மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நடந்தோம். தண்டு என்றால் படை, கண்டோன்மெண்டுக்குக் கன்னடத்திலும் அதே பெயர்தான்.

வெயில் ஏறிய பிறகு ரிச்மண்ட் ரோட்டுக்கு வந்தோம். அது இப்போது ஜெனரல் திம்மய்யா சாலை. இங்கேதான் மாமாவின் குரல் மாறியது. 1948இல் காஷ்மீர்ப் போரின்போது, லடாக்குக்குப் போகும் வழியை அடைத்துப் பாகிஸ்தான் தரப்பினர் பிடித்துவைத்திருந்த சோஜி லா கணவாயைத் தாக்கிய முயற்சிகள் முதலில் தோற்றன. பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கும் அந்தக் கணவாய்க்கு டாங்குகளைக் கொண்டுபோவது என்று மேஜர் ஜெனரல் திம்மய்யா தீர்மானித்தார். வழியில் இருந்த பாலங்கள் எடை தாங்காது என்பதால் ஸ்டூவர்ட் டாங்குகளின் மேற்கோபுரங்களைக் கழற்றி ஸ்ரீநகருக்குக் கொண்டுவந்தார்கள். பால்தாலிலிருந்து கணவாய் வரை கோவேறு கழுதை போகும் தடத்தை டாங்கு ஏறும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்களின் இரண்டு கம்பெனிகள். அந்தக் குளிரில், எதிரியின் பார்வைக்குக் கீழே, பாறையை உடைத்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி பனிப்பொழிவுக்கு நடுவே ஏழாவது குதிரைப்படையின் டாங்குகள் மேலேறின. திம்மய்யா முன்னணி டாங்கு ஒன்றில் தாமே உட்கார்ந்து போனார். அந்த உயரத்தில் டாங்கை எதிர்பார்க்காதவர்கள் கலைந்து ஓடினார்கள். அந்த மாத முடிவுக்குள் கார்கில் கைக்கு வந்தது. வெல்லெஸ்லி வழியைக் கண்டுபிடித்தார், திம்மய்யாவோ வழியே இல்லாத இடத்தில் தம்பிகளை நம்பித் திட்டம் போட்டார். என் மதிப்பில் இவரே ஒரு படி மேல்.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு மெட்ராஸ் சாப்பர்களின் சுபேதார் சுப்பிரமணியத்திடம் போனது. செங்கல்பட்டுப் பக்கம் கீழ ஒட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோவுக்கு அருகில் கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தபோது, கூட வந்த ஒருவரின் கால் ஒரு கண்ணியின் மேல் பட்டது. அந்த வகைக் கண்ணி மிதிபட்டதும் வெடிக்காது, சில நொடிகள் கழித்து மேலே எழும்பித்தான் வெடிக்கும். அந்த நொடிகளுக்குள் சுப்பிரமணியம் அதன்மேல் விழுந்து மூடிக்கொண்டார். மரணத்துக்குப் பிறகு, வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் சிலுவை கிடைத்தது. இதைச் சொல்லி முடிக்கும்வரை மாமா இலையைத் தொடவில்லை.

அத்தைக்கு இரண்டு பொட்டலம் சாம்பார் சாதம் வாங்கினோம். கடைப்பையன் நூலைச் சுற்றி ஏனோதானோ என்று முடிந்து கொடுத்தான். மாமா வாசற்படியில் நின்று அதைப் பிரித்து, நூலை இரு விரல்களில் மடித்து வளையமிட்டு, ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை நுழைத்து இழுத்தார். இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. பயிற்சியின் முதல் மாதம் கற்றுக்கொடுத்த முடிச்சாம், ஆற்றில் மிதவை கட்டுவதற்கானது. பொட்டலத்தை என் கையில் கொடுத்து, “ஆட்டிப் பார்” என்றார்.