ஏழு மணி அழைப்பு

அக்டோபர் 16
அண்டார்டிகாவில் எங்கள் நிலையத்துக்கு வர வேண்டிய விமானம் இன்றும் பாதி வழியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்கே திரும்பிவிட்டது. கேரட் இல்லை. சமையற்காரர் யாரோடும் பேசவில்லை.

அக்டோபர் 19
ரேஸர்பேக் தீவருகே முதல் கடல்நாய்க் குட்டி. களத்தில் இருக்கும் ஆய்வாளர்கள் நால்வரும் ரேடியோவில் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி கேட்டேன். 29 கிலோ. நிலையத்து ரேடியோவில் இருக்கும் நான் குறிக்க வேண்டியது ஆள் எண்ணிக்கை, அடுத்த அழைப்பு நேரம், இவ்வளவுதான். எடையையும் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அக்டோபர் 20
கேரட் இல்லை.

அக்டோபர் 24
சூரியன் பேருக்கு மறைந்தது. அடுத்த அஸ்தமனம் பிப்ரவரியில். ஜன்னலில் அட்டை ஒட்டினேன்.

அக்டோபர் 29
ஏழு மணிக்கு அழைப்பு வரவில்லை. 7:10. வரவில்லை. கடல்நாய்கள் மூச்சு விட மேலே வருவது கடற்பனி விரிசல் வழியாக, குட்டி போடுவதும் அதன் ஓரத்தில். எடை போடப் போகிறவர்களும் அங்கேதான் நின்றாக வேண்டும். காலையில் துளையிட்டு அளந்து சொன்ன பனித் தடிமனையே திரும்பத் திரும்பப் படித்தேன். மெக்கானிக் கூப்பிடாமலே வந்து நின்றார். "அந்த ஸ்னோமொபைலுக்கு பெல்ட் மாற்றியது நான்தான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. 7:30. தேடுதல் குழுவை எழுப்பினேன், பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். 7:42க்குக் குரல் வந்தது. குளிரில் பாட்டரி செத்துவிட்டதாம், சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினார்களாம்! திட்டத்தான் வாயெடுத்தேன். "நான்கு பேர், நலம்" என்று எழுதினேன். பேனா சரியாகப் பிடிபடவில்லை.

நவம்பர் 2
கேரட்! சாப்பாட்டுக் கூடமே நறநறத்தது. களத்துக்கு ஒரு மூட்டை தனியே கட்டி வைத்திருக்கிறார் சமையற்காரர்.

நவம்பர் 8
அதே குட்டிக்கு இருபதாம் நாள். 68 கிலோ. தாய் பாதியாக இளைத்துவிட்டதாம். அதன் பின்துடுப்பில் இருக்கும் எண் வில்லை பதினேழு வருடத்துக்கு முன் மாட்டியது. இங்கே எரெபஸ் விரிகுடாவில் 1968 முதல் இந்தக் கடல்நாய்க் கணக்கு நடக்கிறது. அன்று என் நாற்காலியில் யார் இருந்தாரோ. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் "நிலையப் பணியாளர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி வரும். மெக்கானிக் அதை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார், கிண்டலாகத்தான். ஆனால் நான்கு மூலையிலும் டேப்.

நவம்பர் 15
கண்டிஷன் 1, அதாவது வானிலை எச்சரிக்கையில் ஆக மோசமான நிலை. யாரும் கதவைத் திறக்கக் கூடாது. அவர்கள் குடிலுக்குள். ஏழு மணிக்குச் சரியாக அழைத்தார்கள்.

நவம்பர் 16
அதேதான். கேரட் தீர்ந்துவிட்டதாம் அவர்களுக்கு.

நவம்பர் 22
நாளை முப்பத்தைந்தாம் நாள் எடை. நான் 100 என்றேன், சமையற்காரர் 90. மெக்கானிக் தராசையே நம்பவில்லை.