யூ இல்லாத க்யூ

நேற்று இரவு மகளுடன், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்களை அமைக்கும் ஸ்கிராபிள் ஆடிக்கொண்டிருந்தேன். அவள் கையில் க்யூ, பத்துப் புள்ளி தரும் எழுத்து. ஆனால் ஆட்டத்தில் உள்ள நான்கு யூக்களும் ஏற்கெனவே பலகைக்குப் போய்விட்டன. "யூ இல்லாமல் க்யூ வரும் சொல்லே கிடையாதே அப்பா" என்று முகம் வாடிவிட்டாள்.

உண்டு! அப்படிப்பட்ட சொற்களைத் தேடியே பல இரவுகள் அகராதியோடு விழித்திருக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் 'குவீன்' என்பதை சி, டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பிரெஞ்சு வழக்கப்படி க்யூவும் யூவும் ஜோடி சேர்ந்தன. அந்த ஜோடிக்குள் அடங்காதவை பெரும்பாலும் வேறு மொழிகளிலிருந்து வந்த சொற்கள். ஏமனில் மெல்லும் 'காத்' இலை அப்படித்தான். நாம் அறிந்த பக்கீரைக்கூட க்யூ வைத்து எழுதலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கனாத்'. ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை, பம்பு எதுவும் இல்லாமல், மெல்லிய சரிவை மட்டும் நம்பி ஊருக்குக் கொண்டுவரும் சுரங்கக் கால்வாய். 2016-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐந்தே ஆங்கில எழுத்துக்குள் எத்தனை ஊர்களின் தாகம்!

மகளிடம் ஓர் ஐ இருந்தது. க்யூ, ஐ: உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல். வைத்தாள். பிறகு ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கனாத்தின் படத்தைக் காட்டச் சொன்னாள்.