குளியலறையில் ஒரு செம்பருத்தி இலை

போன வாரம் சித்தப்பா குடும்ப குரூப்பில் ஒரு படம் போட்டிருந்தார். கும்மிருட்டில் நீலமாக ஒளிரும் இலை. கீழே, ‘செடிகளுக்கும் ஆன்ம ஒளி உண்டு, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது.’

நான் பதில் போடவில்லை. அன்று ராத்திரி மொட்டை மாடிச் செம்பருத்தியில் ஒரு இலையைப் பறித்து, பிளேடால் இரண்டு கீறல் போட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவிடுக்கில் பழைய துண்டு, ஜன்னலுக்கு அட்டை, கீசரின் சிவப்பு விளக்குமேல் டேப்.

கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் 40 நிமிடம் உட்கார்ந்தேன். நடுவில் புகை மாதிரி ஏதோ மிதந்தது. இலைதானோ என்று அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்தேன். புகை முன்னாலேயே நின்றது. என் கண் தயாரித்த சரக்கு. வெளியிலிருந்து அம்மா, “டேய், உள்ளயே தூங்கிட்டியா?”

இலையின் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்தேதான் போனேன். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 10 முதல் 1,000 ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், அவ்வளவுதான் வரும். பச்சை இலை என்றால் அதிலும் பெரும்பகுதி சிவப்பு. இருட்டில் நமக்குப் பார்வை தரும் செல்கள் சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. படத்திலிருந்த நீலம் கணினி பூசியது.

ஆனால் ஒளி பொய்யில்லை. 2025இல் கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், இலையில் காயம்பட்ட இடம் மற்ற இடத்தைவிடப் பிரகாசமாக இருந்தது, படமெடுத்த 16 மணி நேரமும். சூடு ஏறினாலும் ஒளி கூடியது.

காரணம் அடுப்படியில் இருக்கிறது. பழைய எண்ணெய் காறிப்போய் சிக்கு வாடை அடிக்குமே, கிட்டத்தட்ட அதே வேதியியல். இலை அடிபட்டாலோ வெயிலில் வாடினாலோ செல்லுக்குள் ஆக்சிஜன் முரட்டு வடிவம் எடுத்து, செல் சவ்விலுள்ள கொழுப்பை அரிக்கிறது. அதில் பிறக்கும் நிலையற்ற பொருள்கள் உடையும்போது மிஞ்சும் ஆற்றலில் கொஞ்சம் பச்சையத்துக்குப் போய், ஒளியாக வெளியேறுகிறது. அதாவது, செடி கூடுதலாக ஒளிர்ந்தால் கும்பிட வேண்டாம், என்ன வியாதி என்று பார்க்க வேண்டும்.

என் பரிசோதனையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. டியூப்லைட் வெளிச்சத்திலிருந்து நேராக இருட்டுக்குள் கொண்டுபோன இலை, காயமே இல்லாவிட்டாலும் சில நிமிடம் ஒளிவிடும். ஒளிச்சேர்க்கையில் வாங்கிய வெளிச்சத்தின் பாக்கி அது. 1951இல் ஸ்ட்ரெலர், ஆர்னால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை எழுதினார்கள். கண்டுபிடித்த கதைதான் அழகு. இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் தயாரிக்கிறதா என்று பார்க்க, ஏடிபி பட்டால் ஒளிரும் மின்மினிப்பூச்சியின் சாற்றைக் கலந்து ஒளியை அளந்தார்கள். மின்மினிச் சாறு ஊற்றாத குப்பியும் ஒளிர்ந்தது! அந்தப் பாக்கி தீரும்வரை இலையை இருட்டில் வைத்திருந்துவிட்டுத்தான் காயத்தின் ஒளியை எண்ண வேண்டும். நான் 40 நிமிடம் வைத்தது என் கண்ணுக்காகத்தான், இலைக்காக இல்லை.

வயலில் பயிரின் நோயைக் கண்டுபிடிக்க இது இப்போதைக்கு ஆகாது. இவ்வளவு மங்கலான ஒளியைப் பிடிக்கும் குளிரூட்டிய கேமராவை வாங்கிவிடலாம், வயலை எப்படி இருட்டாக்குவது? வெளியில் செய்வது வேறு வழி: இலையில் கிளிப் மாட்டிச் சற்று இருட்டில் வைத்து, பளிச்சென்று ஒரு வெளிச்சம் கொடுத்து, பச்சையம் திருப்பி உமிழ்வதை அளப்பது. அதிலிருந்து கணக்கிடும் விகிதம் நல்ல இலைக்கு 0.83க்குப் பக்கத்தில் வரும்.

இதையெல்லாம் சுருக்கி, காறின எண்ணெயை மட்டும் விடாமல், குரூப்பில் எழுதினேன். சித்தப்பா கும்பிடும் கை ஒன்று போட்டார்.