நோவா ஹூத்தா குறிப்புகள்

மார்ச் 9, 2024

கிராக்கோவின் பழைய நகரத்திலிருந்து நோவா ஹூத்தாவுக்கு டிராமில் அரை மணி நேரம் போல ஆகும். மத்திய சதுக்கத்தில் இறங்கினால் ஐந்து அகலச் சாலைகள் விசிறியாக விரிகின்றன. 1949இல் போலந்து அரசு ஓர் எஃகு ஆலைக்காக வயல்களின் மேல் கட்டத் தொடங்கிய ஊர் இது. நல்ல விளைச்சல் பூமி. இரும்புத் தாது சோவியத் ஒன்றியத்திலிருந்து ரயிலில் வந்தாக வேண்டும். அப்படியிருக்க எஃகு ஆலை ஏன் இங்கே? படித்தவர்களும் பாதிரிமார்களும் நிறைந்த கிராக்கோவுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிலாளர் படையைக் குடியேற்றத்தான் என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. விஸ்துலா ஆற்றுத் தண்ணீரும் ரயில் பாதையும் இங்கே இருந்தனவே.

மார்ச் 10

இங்கே முகவரியில் தெருப் பெயர் வராது. குடியிருப்பின் பெயர், கட்டிட எண், அவ்வளவுதான். தபால்காரர் பாடு என்னவோ! தலைமைக் கட்டிடக் கலைஞர் ததேயுஷ் பிதஷித்ஸ்கியின் குழு ஒவ்வொரு குடியிருப்புக்கும் பள்ளி, குழந்தைகள் காப்பகம், கடை எல்லாவற்றையும் நடைதூரத்தில் வைத்தது. வளைவு வாசலுக்குள் நுழைந்தால் பெரிய முற்றம், உயர்ந்த மரங்கள், துணி காயப்போடும் கம்பிகள். 1956க்குப் பிறகு அலங்காரம் போய் சிக்கனம் வந்தது. அப்புறம் எழுந்த கான்கிரீட் பலகை அடுக்குகளில் இந்த நிதானம் இல்லை. சதுக்கத்தின் தெற்குப் பக்கம் இன்றும் வெறும் புல்வெளிதான். வரைபடத்தில் இருந்த நகர மன்றமும் வரவில்லை, நாடக அரங்கமும் வரவில்லை.

மார்ச் 16

வரைபடத்தில் இல்லாதது தேவாலயம். 1957இல் அனுமதி கொடுத்த அரசு பிறகு அதைத் திரும்பப் பெற்றது. அந்த இடத்தில் பள்ளி வரும் என்று சொல்லி, 1960 ஏப்ரல் 27 அன்று அங்கே நட்டிருந்த சிலுவையைப் பிடுங்க ஆட்களை அனுப்பியது. முதலில் மறித்தவர்கள் பெண்கள். ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்துகொள்ள, கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, கைதுகள். சிலுவை நின்றது. கடைசியில் வேறோர் இடத்தில்தான் ஆலயம் எழும்பியது, அதுவும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் கைவேலையாக. இன்று போய்ப் பார்த்தேன். படகு வடிவம், வெளிச்சுவர் முழுக்க ஆற்றுக் கூழாங்கற்கள். 1977இல் அதைப் புனிதப்படுத்தித் திறந்தவர் கர்தினால் கரோல் வொய்திவா. அடுத்த ஆண்டு அவர் போப் ஆனார்.

மார்ச் 17

1973இல் லெனினுக்குச் சிலை வைத்தார்கள். 1979இல் யாரோ குண்டு வைத்ததில் கால் மட்டும் சேதமானது. 1989 டிசம்பரில் அகற்றிவிட்டார்கள். 2004இல் மத்திய சதுக்கத்துக்கு அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகன் பெயரைச் சூட்டினார்கள். இதற்கு லெனினே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மார்ச் 23

ஆலை வாசலில் இரண்டு நிர்வாகக் கட்டிடங்கள், மறுமலர்ச்சிக்கால அரண்மனை மாதிரி. 1970களில் கிட்டத்தட்ட 40,000 பேர் வேலை பார்த்த ஆலை. இரும்பு உருக்கும் கடைசி ஊதுலை 2019இல் நின்றது, அதன்பின் மூட்டவே இல்லை. பழைய குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு வீடு கேட்டிருக்கிறேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.