அம்மாவின் பாக்கிப் படிகள்

கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் வாரங்களான அட்வெந்தின் முதல் ஞாயிறுக்கு மூன்றே நாள். பீடத்தின் ஊதாத் துணி சலவைக்குப் போய் வந்தாயிற்று, பாடகர் குழுவும் தயார். பிரசங்கம்தான் நகரவில்லை. ‘காத்திருத்தல்’ என்று தலைப்பு எழுதிவிட்டு இரண்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, அம்மாவின் பாக்கியையாவது தீர்ப்போம் என்று தோமையார் மலை என்கிற பரங்கிமலைக்குக் கிளம்பிவிட்டேன்.

2015 டிசம்பர் வெள்ளம். சபையாரைப் பார்க்கப் போன நான் சைதாப்பேட்டையிலேயே மாட்டிக்கொண்டேன். அடையாறு பெருகி மறைமலையடிகள் பாலத்தை மூடிவிட்டார்கள். போனும் வேலை செய்யவில்லை. கிண்டி வீட்டில் அம்மா, நான் முழுசாக வந்து சேர்ந்தால் தோமையார் மலைப் படிகளை நடந்தே ஏறுவதாகப் பொருத்தனை பண்ணியிருக்கிறாள். சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டன்ட் சபை ஆயரின் அம்மா, கத்தோலிக்கர் கோயிலுக்கு! பாளையங்கோட்டையில் சொன்னால் சிரிப்பார்கள். அவள் முழங்கால் கடைசிவரை இடங்கொடுக்கவில்லை. போன வருஷம் கண்மூடுவதற்கு முன், “எய்யா, அந்தப் படி பாக்கி இருக்கு” என்றாள்.

ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். மேலே கொண்டுபோய் விட இருநூறு ரூபாய். படியேறத்தான் வந்தேன் என்றதும், “மழைல வழுக்கும் சார், விழுந்துடுவீங்க” என்று பயமுறுத்தி நூற்றைம்பதுக்கு வந்தார். அவர் சொன்னது பொய்யில்லை, நிஜமாகவே வழுக்கியது. 130-க்கும் மேற்பட்ட படிகள். பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தால், அங்கேயும் “சார், கொஞ்சம் தள்ளுங்க, போட்டோல விழுறீங்க.”

இந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டியவரும் அவர்தான். அந்தப் பாலம் இருந்த இடத்தில்தான் இன்றைய மறைமலையடிகள் பாலம். அன்றைக்கு நான் தாண்ட முடியாமல் நின்ற இடமும் அவருடையது, அம்மா ஏற முடியாமல் போன படியும் அவருடையது. இது உறைத்தபோது எழுந்திருக்கச் சிறிது நேரமாயிற்று.

மேலே சின்னக் கோயில். போர்த்துக்கீசியர் 1523-இல் கட்டியது; எதிர்பார்ப்பின் அன்னை என்று பெயர், திருநாள் டிசம்பர் 18. முழுக்க அட்வெந்துக்குள்ளேயே விழுகிற நாள். இத்தனை வருஷம் இந்த ஊரில் ஊழியம் செய்தும் எனக்குத் தோன்றவில்லை.

பீடத்தில் கற்சிலுவை, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. இயேசுவின் சீடர் தோமாவே செதுக்கியது என்பது மரபு. முழங்காலிட்டேன். ஆயத்தப்படுத்தி வைத்திருந்த ஜெபம் ஒன்றும் வரவில்லை. “வந்துட்டேம்மா” என்றுதான் வாயில் வந்தது. சந்நிதியில் இருந்த மாதாவிடம் சொல்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, பக்கத்திலிருந்த பாட்டி தன் மெழுகுவர்த்தி ஒன்றை என் கையில் வைத்து, “ஏத்துங்க தம்பி” என்றார். நான் திருத்தவில்லை. எந்த அம்மா என்று எனக்கே அப்போது தெளிவில்லை. விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துபோயிற்று. அது முடியும்வரை அழுதேன். யாருக்கும் கேட்டிருக்காது. ஸ்தோத்திரம்.

இறங்கும்போது தோமாவையே நினைத்துக்கொண்டு வந்தேன். சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட்டவன் என்று நானும் எத்தனை தடவை பிரசங்கித்திருப்பேன். ஆனால் ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைக் காணாமல் நம்பமாட்டேன் என்று சொன்ன பிறகும் அவன் எழுந்து போய்விடவில்லையே. எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தபோது அதே வீட்டுக்குள், அதே ஆட்களோடுதான் இருந்தான். எதற்காக இருக்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுகிற அட்வெந்து வளையத்தில் ஊதா மெழுகுவர்த்தி மூன்றும் நிற்கின்றன. மூன்றாம் ஞாயிறுக்கான ரோஜா நிறம்தான் இன்னும் வரவில்லை. பாரிஸ் கார்னர் கடைக்காரரிடம் இன்றும் கேட்டேன். “வந்துடும் ஐயா” என்கிறார்.